எங்கள் தோப்புப் பாவமரம்

இந்தக் கோடையில் எங்கள் தோப்பிலேயே அதிகம் காய்த்த மரம் எது என்று யாராவது கேட்டால் சொல்கிறேன். கேட்காவிட்டாலும் சொல்கிறேன். வாய்க்கால் ஓரமாகக் கிழக்கு மூலையில் நிற்கிற, காசாலட்டு என்ற ரக மாமரம். ஊரே சேர்ந்து பாவமரம் என்று பெயர் வைத்த மரம். என் குடும்பமே மரம் அறுக்கிறவரைக் கூட்டிக்கொண்டு போய் அளவு பார்த்த மரம். பாரம் தாங்காமல் அதன் கிளைகளுக்கு மூங்கில் முட்டுக் கொடுக்க வேண்டியிருந்தது. முட்டுக் கொடுக்கும்போது நான் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன் என்று என் கணவர் சொல்கிறார். சிரித்திருப்பேன். ஜெயித்தவள் அழவா செய்வாள்?

எங்கள் ஊர் பெரியகுளத்துக்கும் கெங்குவார்பட்டிக்கும் நடுவில், மெயின் ரோட்டிலிருந்து மலையைப் பார்த்து உள்ளே போனால் வரும். பாதிப் பேர் கத்தோலிக்கர்கள், பாட்டனுக்குப் பாட்டன் காலத்தில் ஞானஸ்நானம் வாங்கிய குடும்பங்கள், எங்களுடையதும் அதில் ஒன்று. மீதிப் பேர் இந்துக்கள். எல்லோருக்கும் ஒரே வாய்க்கால் தண்ணீர், ஒரே மாம்பழ வியாபாரி, அதனால் சண்டையும் ஒரே மாதிரிதான். எங்கள் தோப்பு என் கணவருக்கும் அவருடைய அண்ணனுக்கும் பொது. கணவரின் அண்ணனை மூத்தார் என்பது எங்கள் வழக்கம். நேரில் மச்சான் என்று கூப்பிடுவேன். மூத்தார் நல்லவர், கோயில் காரியங்களில் முன்னால் நிற்பவர், ஒரு முடிவு எடுத்துவிட்டால் மாற்றிக்கொள்ளத் தெரியாதவர். நானும் அப்படித்தான். ஒரு குடும்பத்தில் இப்படி இரண்டு பேர் இருந்தால் நடுவில் இருப்பவர் பாடு திண்டாட்டம். அந்த நடுவில் இருப்பவர் என் கணவர்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி எடுப்பவள் நான். தோப்பு வேலை செய்கிறவளாக இருந்தாலும் அதனால் ஊரில் எனக்கு டீச்சர் என்று பெயர். கடவுள் உலகத்தைப் படைத்த கதையை வருடா வருடம் சொல்லிச் சொல்லி எனக்கு அது மனப்பாடம். பின்னால் வரும் சண்டையில் என் கையில் இருந்த ஒரே ஆயுதம் அதுதான்.

எங்கள் ஊரில் சில வருடங்களுக்கு ஒருமுறை, ஈஸ்டர் முடிந்த வாரத்தில் பாஸ்கா நாடகம் போடுவார்கள். ஏசுவின் பாடுகளைச் சொல்லும் நாடகம். அதைப் படைப்பிலிருந்தே ஆரம்பிப்பது உண்டு. ஆனால் எங்கள் ஊருக்கென்று ஒரு வழக்கம் இருக்கிறது. ஏதேன் தோட்டக் காட்சியை மேடையில் நடத்த மாட்டார்கள். ஊருக்கு வெளியே ஒரு நிஜ மரத்தடியில், வெயில் தாழ்ந்ததும் நடத்துவார்கள். ஆதாமும் ஏவாளும் பழத்தைத் தின்று, துரத்தப்பட்டு, அங்கிருந்து நடந்தே ஊருக்குள் வருவார்கள். பார்க்க வந்த மொத்தக் கூட்டமும் அவர்களுக்குப் பின்னால் நடக்க வேண்டும். நாமும் துரத்தப்பட்டவர்கள்தான் என்று காட்டுவதற்காக. மீதிக் கதை கோயில் மைதானத்தில் நடக்கும்.

வெகு காலமாக அந்த மரம் வாய்க்கால் கரையில் நின்ற ஒரு புங்கமரம். தேனி பஜாரில் வாங்கிய பிளாஸ்டிக் ஆப்பிள்களை அதில் கட்டித் தொங்கவிடுவார்கள். ஒரு காற்று மழையில் புங்கமரம் சாய்ந்துவிட்டது. அடுத்த பாஸ்கா வந்தபோது கமிட்டிக்காரர்கள் தோப்புத் தோப்பாக ஏறி இறங்கினார்கள். கல்யாணத்துக்கு வாழைமரம் கேட்டால் குலையோடு வெட்டிக் கொடுக்கிற ஆட்கள், இதற்கு மட்டும் ஆளுக்கொரு சாக்குச் சொன்னார்கள். ஒருத்தர் அப்போதுதான் மருந்து அடித்திருந்தாராம். இன்னொருத்தருக்கு மாட்டை அங்கேதான் கட்ட வேண்டுமாம். விஷயம் வேறு. பாவம் பிறந்த இடமாகத் தன் தோப்பைக் காட்ட யாருக்கும் மனசு வரவில்லை. எனக்கு எரிச்சல் பொறுக்கவில்லை. எங்கள் மரத்தடியில் நடத்திக்கொள்ளுங்கள் என்று நானே சொல்லிவிட்டேன். கமிட்டியில் இருந்த மூத்தார் என்னை ஒரு பார்வை பார்த்தார். சாமி காரியம் என்பதால் அவரால் மறுக்க முடியவில்லை.

நாடகம் நன்றாகவே நடந்தது. பின்னால் நிற்பவர்களுக்கும் தெரிய வேண்டும் என்று டிப்பரில் கிராவல் மண் கொண்டுவந்து, மரத்தைச் சுற்றிக் கொட்டி மேடு கட்டியிருந்தார்கள். டிராக்டர் ஓட்டுகிறவர் ஆதாம். கோயிலுக்கு சீரியல் லைட் போடுகிற எலக்ட்ரீசியன், மீசையை மழித்துக்கொண்டு, ஏவாள். பெண்பிள்ளைகளை அந்த வேஷத்துக்கு யாரும் விட மாட்டார்கள். இலவம்பஞ்சு அடைத்துத் தைத்த பாம்பு கிளையில் சுற்றியிருந்தது. நிஜ மாமரம் இருக்கும்போது பிளாஸ்டிக் ஆப்பிள் எதற்கு என்று நான் கேட்டதால், தொங்கிய காயையே ஏவாள் பறித்துக் கடித்தார். முற்றாத காய். புளிப்பில் அவருக்கு ஒரு கண் மூடிக்கொண்டது. பாவத்தின் பலன் அவ்வளவு சீக்கிரம் முகத்தில் தெரிந்த நாடகம் வேறு எங்கும் நடந்திருக்காது. கூட்டம் சிரித்தது, பிறகு அமைதியாகி அவர்களுக்குப் பின்னால் நடந்து போனது. நானும் போனேன். எங்கள் மரம் சாமி காரியத்துக்குப் பயன்பட்டது என்று எனக்கு அன்றைக்குப் பெருமையாக இருந்தது.

அடுத்த தையில் தோப்பு முழுக்கப் பூத்தது. அந்த மரம் மட்டும் பூக்கவில்லை.

மாமரம் ஒரு வருடம் நன்றாகக் காய்த்தால் மறு வருடம் கொஞ்சம் சோம்பும். அது எல்லோருக்கும் தெரியும். ஆனால் இது சோம்பல் மாதிரி தெரியவில்லை. பேருக்குக்கூட ஒரு பூங்கொத்து இல்லை. இலை நுனிகள் கருகியிருந்தன. உச்சிக் கிளைகளில் இலையே குறைந்து, மரத்துக்குள்ளிருந்து ஆகாயம் தெரிந்தது. முதலில் டீக்கடையில் பேசினார்கள். பிறகு பால் ஊற்றுகிற இடத்தில். பிறகு கோயில் வாசலிலேயே. பாவமரம் என்ற பெயர் எந்த வாயில் பிறந்தது என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்த வாய்க்கு நல்ல பதில் கிடைத்திருக்கும்.

பூவைப் பார்த்துக் குத்தகை பேச வந்த வியாபாரியும் அந்த மரத்தைச் சேர்க்க வேண்டாம் என்றார். அவருடைய ஆட்கள் அதில் ஏற யோசிக்கிறார்களாம். அவர் கிறிஸ்தவர்கூட இல்லை. பைபிளில் அவருக்குத் தெரிந்த ஒரே இடம் அதுவாகத்தான் இருக்கும், அதையும் தப்பாகத் தெரிந்து வைத்திருந்தார். வியாபாரி அப்படிச் சொன்னதும் மூத்தார் முடிவெடுத்துவிட்டார். ஒரு மரத்தால் மொத்தத் தோப்புக்கும் பெயர் கெடுகிறது, அதை வெட்டிவிட்டுத் தென்னை வைக்கலாம் என்றார்.

நான் போய்ச் சேர்ந்தபோது மரம் அறுக்கிறவர் நாடாவைச் சுற்றிப் பிடித்து அடிமரத்தை அளந்துகொண்டிருந்தார். மூத்தார் பக்கத்தில் நின்றார். என் கணவர் கொஞ்சம் தள்ளி, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, தாழும். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அது தெரியும். நாடாவைச் சுருட்டச் சொன்னேன். அறுக்கிறவர் மூத்தாரைப் பார்த்தார். மூத்தார் என் கணவரைப் பார்த்தார். பொம்பளை பேச்சைக் கேட்டு ஆதாம் கெட்டது போதாதா என்று தம்பியிடம் கேட்டார், எனக்குக் கேட்க வேண்டும் என்றே. நான் மரத்தோடு முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றேன். என்னையும் சேர்த்து அளந்துகொள்ளுங்கள் என்றேன். அறுக்கிறவர் நல்ல மனிதர், வேறு வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

ஒரு மரத்துக்கு இவ்வளவா என்று கேட்கலாம். அந்தத் தோப்பில் நான் கல்யாணமாகி வந்த புதிதில் தண்ணீர் சுமந்து ஊற்றிய மரம் அது. அது ஒரு காரணம். பெரிய காரணம் வேறு. வாராவாரம் பிள்ளைகளிடம், கடவுள் செய்தது எல்லாம் நல்லது என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். என் சொந்தத் தோப்பில், என் கண்ணெதிரே, கடவுள் செய்த ஒன்றைக் கெட்டது என்று முத்திரை குத்தி வெட்டினால், அடுத்த ஞாயிறு எந்த வாயால் பேசுவேன்?

அந்த வாரம் அன்பியம் எங்கள் வீட்டில். அன்பியம் என்பது அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் வாரம் ஒரு வீட்டில் கூடி ஜெபம் சொல்லி, பைபிள் வாசித்து, காபி குடித்துவிட்டுப் போவது. காபி வரும்போது ஊர் நியாயமும் வரும். அன்று பங்குச் சாமியாரும் வந்திருந்தார். இளம் வயது, ஊருக்குப் புதிது. வாசகமாக நான் படைப்பின் கதையைத்தான் எடுத்தேன். ஏன் எடுத்தேன் என்பது வந்திருந்த எல்லோருக்கும் புரிந்தது. மூத்தார் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வாசித்து முடித்ததும் கேட்டேன். ஒளி, ஆகாயம், கடல், செடிகொடி, சூரியன், மீன், பறவை, மிருகம், மனுசன். ஒவ்வொன்றையும் செய்துவிட்டுக் கடவுள் பார்த்தார், நல்லதாக இருந்தது. எல்லாம் முடிந்து மொத்தமாகப் பார்த்தார், ரொம்ப நல்லதாக இருந்தது. அப்படியானால் இந்த ஆறு நாளில் எந்த நாளில் கெட்டதைப் படைத்தார்?

எதிர் வீட்டுச் சித்தி, ஏழாம் நாளா இருக்குமோ என்றார். அன்றைக்கு அவர் வேலையே பார்க்கவில்லை என்று நான் சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள். சித்தியும் சிரித்தார். பாம்பு என்று ஒருத்தர் சொன்னார். பாம்பையும் அவர்தானே செய்தார், அதையும் நல்லது என்றுதானே பார்த்தார் என்றேன். கெட்டது எங்கிருந்து வந்தது என்று எனக்கும் முழுசாகத் தெரியாது. தெரியும் என்று சொல்பவர்களை நான் நம்புவதும் இல்லை. ஆனால் அது எந்த மரத்திலும் காய்க்கவில்லை என்பது மட்டும் எனக்கு நிச்சயம். வேண்டாம் என்று தெரிந்தும் நீண்ட கை இருக்கிறது, பிறகு, நான் இல்லை இவள்தான், நான் இல்லை பாம்புதான் என்று நீண்ட விரல் இருக்கிறது. கதையில் கெட்டதை நான் முதன்முதலில் பார்க்கிற இடம் அதுதான். இதையெல்லாம் சொன்னேன்.

"அப்ப அந்த மரத்துமேல தப்பே இல்லைங்கிறியா, ஏத்தா?" என்றார் மூத்தார்.

"பாம்புக்குச் சாபம் குடுத்தாரு. பொம்பளைக்கு வலி, ஆம்பளைக்கு வேர்வை. தரைக்குக்கூட முள்ளு. அந்த மரத்த ஒரு வார்த்தை திட்டியிருக்காரா, மச்சான்? சாமியே வெட்டாத மரத்த நீங்க எதுக்கு வெட்டணுங்கிறீக?"

மூத்தார் சாமியாரைப் பார்த்தார். எனக்கும் உள்ளுக்குள் பயம்தான், படித்தவர் ஏதாவது புதிதாக எடுத்து விட்டால் என்ன செய்வது என்று. சாமியார் பைபிளைத் திருப்பி ஒருமுறை தனக்குள் வாசித்துக்கொண்டார். டீச்சர் சொல்வது சரிதான், மரத்துக்குச் சாபம் இல்லை, மண்ணுக்குத்தான் சாபம் என்றார்.

மூத்தார் ஒரு வழிக்கு வந்தார். அடுத்த தைவரை மரம் நிற்கட்டும். அப்போதும் பூக்காவிட்டால் அறுத்துவிடுவது, நான் குறுக்கே நிற்கக் கூடாது. எல்லோர் முன்னாலும் சரி என்றேன். பேசி ஜெயித்துவிட்டேன். பூக்க வேண்டியது மரமல்லவா?

மறுநாள் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போனேன். என்ன செய்வது என்று தெரியாமல், உட்கார்ந்து யோசிக்கலாம் என்றுதான் போனேன். உட்கார இடம் தேடியபோது ஒன்று உறைத்தது. அந்த மரத்துக்கு வாய்க்கால் பக்கமாக ஒரு பெரிய வேர் தரைக்கு மேலே புடைத்துக்கொண்டு ஓடும். எத்தனையோ வருடமாக அதன்மேல் உட்கார்ந்துதான் மதியச் சோறு சாப்பிட்டிருக்கிறேன். அது காணவில்லை. நாடகத்துக்குக் கொட்டிய கிராவல் மண்மேடு அப்படியே இருந்தது. நாடகம் முடிந்ததும் அள்ளிவிடுவதாகக் கமிட்டி சொல்லியிருந்தது. பிறகு மழை வந்தது, மண் இறுகிவிட்டது, எல்லோரும் மறந்துவிட்டார்கள், நான் உட்பட. சாமியார் சொன்ன வார்த்தை காதில் திரும்ப ஒலித்தது. மண்ணுக்குத்தான் சாபம். அந்த மண்ணை நாங்களே லாரி வைத்துக் கொண்டுவந்து மரத்தின் கழுத்துவரை கொட்டியிருந்தோம்.

மண்வெட்டியை எடுத்து அடிமரத்தை ஒட்டிக் கொத்தினேன். ஒரு முழம் போனதும் வாடை வந்தது. மண்ணுக்குள் இருந்த பட்டை கறுத்து, ஈரத்தில் ஊறி, நகத்தால் கீறினால் உரிந்து வந்தது. மூச்சுவிட முடியாமல் போட்டு மூடிவிட்டு, ஏன் பூக்கவில்லை என்று பஞ்சாயத்து வைத்திருக்கிறோம். எனக்கு வந்த கோபத்தில் அன்று சோறு சாப்பிடவில்லை. ஆனால் அந்தக் கோபத்துக்கு அடியில் ஒரு சந்தோஷம் இருந்தது. அள்ளி எடுக்கக்கூடிய ஒன்றுதான் கெடுதல் செய்கிறது என்று தெரிந்துகொள்வது எவ்வளவு பெரிய நிம்மதி.

தினமும் விடிந்ததும் போய் அள்ளினேன். மிஷின் வைத்தால் வேரை அறுத்துவிடும், கையால்தான் அள்ள வேண்டும். பக்கத்துத் தோப்புக்காரி எனக்கு அக்கா மாதிரி. அவர் தோப்பில் ஒரு புற்று இருக்கிறது, வெள்ளிக்கிழமை தவறாமல் பால் ஊற்றுவார். நான் தனியாகக் கொத்துவதைப் பார்த்துவிட்டுக் கூடையோடு வந்தார். நடந்ததையெல்லாம் சொன்னேன். அவர் மண்ணை அள்ளிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்து, "பாம்பத் திட்டுறாக, மரத்தத் திட்டுறாக, அந்தப் பொம்பளயத் திட்டுறாக. பழத்துல பதிஞ்சது ரெண்டு பேரு பல்லுதானே?" என்றார். அவர் ஞானஸ்நானம் வாங்காதவர். வாங்கியிருந்தால் மறைக்கல்வி வகுப்பை அவரிடம் ஒப்படைத்துவிட்டு நான் ஓய்வெடுத்திருப்பேன்.

என் கணவர் முதல் சில நாள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அண்ணனுக்கு எதிராக நிற்க அவரால் முடியாது. எனக்கு எதிராகவும் முடியாது. ஒரு நாள் காலை நான் போகும்போது அவர் எனக்கு முன்னால் அங்கே இருந்தார். சட்டையைக் கழற்றிக் கிளையில் போட்டுவிட்டு, குனிந்து மண்ணைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். நான் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மறுபக்கம் கொத்த ஆரம்பித்தேன். அந்தக் காலை வெயிலில் எனக்கு அவர்மேல் வந்த பிரியத்தை இத்தனை வயதுக்குப் பிறகு எழுதக் கூச்சமாக இருக்கிறது. இருந்தாலும் எழுதிவிட்டேன்.

மண் முழுக்கப் போனதும் அந்தப் பெரிய வேர் வெளியே வந்தது. அழுகிய பட்டையைச் சுரண்டி எடுத்து மருந்து பூசினோம். பிறகு தண்ணீரை அளவாக விட்டுவிட்டுக் காத்திருப்பதுதான் பாக்கி. காத்திருப்பது எனக்கு வராத கலை. கோடை மழை பெய்தது. ஒரு மாற்றமும் இல்லை. ஆடிக் காற்றில் இரண்டு காய்ந்த கிளைகள் முறிந்து விழுந்தன, ஊர் அதையும் பேசியது. ஐப்பசி மழைக்குப் பிறகு ஒரு நாள் செம்பு நிறத்தில் தளிர் விட்டிருந்தது. ஒரு பக்கம் மட்டுமல்ல, சுற்றிலும். நான் யாரிடமும் சொல்லவில்லை. வாயைக் கட்டிக்கொண்டிருக்க எனக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்த காலம் அதற்கு முன்பு இல்லை.

தை பிறந்தது. தோப்பு பூத்தது. அந்த மரத்தில் தளிர் முற்றிப் பச்சையாகி, நல்ல ஆரோக்கியமாக, பூ மட்டும் இல்லாமல் நின்றது. மூத்தார் தினமும் காலையில் அந்தப் பக்கமாக நடந்து, அண்ணாந்து பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போவார். அவர் ஏதாவது சொல்லியிருந்தாலாவது பதிலுக்குச் சொல்லியிருப்பேன். கொடுத்த வாக்கை நினைத்துக்கொண்டே பாத்திரம் தேய்த்தேன், துணி துவைத்தேன், வகுப்பு எடுத்தேன். படைப்பின் கதை வரும் பாடத்தை மட்டும் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன்.

தை முடியப்போகிற சமயம். தண்ணீர் பாய்ச்சப் போன என் கணவர் போன் செய்தார். வா என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு வைத்துவிட்டார். ஓடினேன். மரத்தின் உச்சியிலிருந்து கீழ்க்கிளைவரை பூங்கொத்துகள் கிளம்பியிருந்தன. சில நாளில் இலையே தெரியாமல் மரம் மஞ்சளாகிவிடும் என்று பார்த்ததுமே தெரிந்தது. அழ மாட்டேன் என்பது போல மேலே எழுதியிருக்கிறேன். அன்றைக்கு அழுதேன். மரத்தைக் கட்டிக்கொண்டு, அதன் மருந்து பூசிய பட்டையில் கன்னத்தை வைத்துக்கொண்டு, சத்தமாகவே அழுதேன். எனக்கு முன்னாலேயே மூத்தார் அங்கே வந்து நின்றிருந்ததைப் பிறகுதான் கவனித்தேன். அவர் அண்ணாந்தபடியே, பூ இருந்தால் போதாது, காய் நிற்க வேண்டும் என்றார். ஆனால் மரம் அறுக்கிறவருக்கு அன்றே ஆள் விட்டு, வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

காய் நின்றது. பனிக்கும், பூவின் சாற்றை உறிஞ்சுகிற தத்துப்பூச்சிக்கும் தப்பித்து, கொத்துக் கொத்தாக நின்றது. அதே வியாபாரி திரும்ப வந்து, அந்த மரத்தையும் சேர்த்துப் பேசலாமே என்று இழுத்தார். அதை மட்டும் நாங்களே பறித்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டேன். அதைச் சொன்னபோது எனக்குக் கிடைத்த ருசி எந்த மாம்பழத்திலும் இல்லை.

முதல் பறிப்பு எங்கள் ஊர்த் திருவிழா சமயத்தில் அமைந்தது. பெரிய கூடை நிறையப் பழம் எடுத்துக்கொண்டு போய்க் காணிக்கைப் பவனியில் பீடத்துக்கு முன்னால் வைத்தேன். பூசை முடிந்ததும் காணிக்கைப் பொருட்களைக் கோயில் வாசலில் ஏலம் விடுவது வழக்கம். சேவல் போனது. வாழைத்தார் போனது. வடுகபட்டிச் சந்தையில் வாங்கி வந்த பூண்டுக் கட்டு போனது. என் கூடையைத் தூக்கிக் காட்டினார்கள். மைக் பிடித்தவர் எவ்வளவோ கூவிப் பார்த்தார். பழத்தின் வாசனை வாசல் முழுக்க நிற்கிறது, கேட்க ஆள் இல்லை. எந்த மரத்துப் பழம் என்று எல்லோருக்கும் தெரியும். தின்றால் என்ன ஆகும் என்று தெரியாது. பூத்ததையும் காய்த்ததையும் கண்ணால் பார்த்தவர்கள்தான். இருந்தும் முதல் ஆளாகக் கை தூக்க ஒருவருக்கும் துணிச்சல் இல்லை. இவ்வளவு தூரம் வந்து இந்த இடத்தில் தோற்கப்போகிறேனா என்று இருந்தது.

கூடையில் கொள்ளாத பழங்கள் சில என் கையில் வயர்கூடையில் இருந்தன. ஒன்றை எடுத்துப் பக்கத்தில் நின்ற என் கணவரிடம் நீட்டினேன். அவர் என்னைப் பார்த்தார். எதிர்ப்பக்கத்தில் நின்ற அண்ணனைப் பார்த்தார். பிறகு வாங்கி, தோலோடு ஒரு கடி கடித்தார். சாறு முழங்கைவரை வழிந்தது. மைக் பிடித்தவருக்கு நல்ல சந்தர்ப்பம் கிடைத்தது. அந்த மரத்துப் பழத்தைத் தின்கிறாயே, உனக்கு யார் கொடுத்தது என்று மைக்கிலேயே கேட்டார்.

"இவ குடுத்தா. நான் தின்னேன்," என்றார் என் கணவர்.

பைபிள் தெரிந்தவர்களுக்கு அது யார் வார்த்தை என்று தெரியும். தோட்டத்தில் கடவுள் கேட்டபோது ஆதாம் சொன்ன பதில். பழியை மனைவி பக்கம் தள்ளிவிடுவதற்காகச் சொன்னது. ஊர் முன்னால் சத்தமாகப் பேசியே அறியாத என் கணவர், அதே வார்த்தையைத் தலை நிமிர்ந்து, வாய் நிறையச் சிரிப்போடு சொன்னார். சொல்லிவிட்டு இன்னொரு கடி கடித்தார். வாசலே சிரித்தது. சாமியார் சிரித்த சிரிப்பு மைக்கில் கேட்டது. கூட்டத்துக்குப் பின்னாலிருந்து எலக்ட்ரீசியன் கையைத் தூக்கி ஏலத்தை ஆரம்பித்து வைத்தார். நாந்தான் ஏற்கெனவே ஒரு தடவை கடிச்சவனாச்சே என்றார். அதற்குப் பிறகு கூடைக்கு நடந்த போட்டியை நான் விவரிக்கப்போவதில்லை. பெருமை அளவோடு இருக்க வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பவள் நான்.

மூத்தார் ஏலம் கேட்கவில்லை. பழமும் கேட்கவில்லை. நாங்கள் கிளம்பும்போது பார்த்தேன், ஆளைக் காணோம். என் கணவர் முகம் கொஞ்சம் வாடியது. எனக்கும்தான். ஜெயித்தாலும் குடும்பத்தில் ஒருத்தர் தனியாக நடந்து போவதைப் பார்க்க நன்றாக இல்லை.

அன்று சாயங்காலம் அவரே எங்கள் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னோம், உட்கார்ந்தார். பழம் அறுத்து வைத்தேன். ஒவ்வொரு துண்டாக, தட்டு காலியாகும்வரை சாப்பிட்டார். கொட்டையையும் விடவில்லை. கையைக் கழுவிவிட்டு வந்து, மலையடியில் புதிதாக வாங்கிய நிலத்தைப் பற்றி என் கணவரிடம் ஏதேதோ பேசினார். போர் போட்டதைச் சொன்னார், வேலி போட்டதைச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பாமலேயே, அங்கே வைக்க ஒட்டுக்கன்று வேண்டும் என்றார். ஒட்டுக் கட்டுவது எனக்குப் பிறந்த வீட்டுப் பழக்கம், அது அவருக்குத் தெரியும். எந்த மரத்திலிருந்து குச்சி எடுக்க வேண்டும் என்பதை மட்டும் சொல்லவில்லை.

எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்தும் விடவில்லை. இத்தனை நாள் காத்திருந்தவள் கொஞ்சம் அனுபவிக்க வேண்டாமா?

"எந்த மரத்துல, மச்சான்?" என்றேன்.

என் கணவர் கூரையைப் பார்த்தார். நான் பதிலுக்காக அப்படியே நின்றேன்.

"அங்கன, வாய்க்கா ஓரத்துல நிக்கிதுல்ல, நம்ம நல்ல மரம். அதுல இருந்துதான்," என்றார் மூத்தார்.

கட்டித் தருகிறேன் என்றேன்.